அவிநாசிக்கு அப்புறம் நாற்பது கிலோமீட்டர்

1

போன சனிக்கிழமை துணி துவைக்கப் போனேன். நான் இருப்பது தென் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். எங்கள் குடியிருப்பில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து நிலவறையில் ஒரே துவைக்கும் அறை. யாருக்கு எந்த நேரம் என்று சுவரில் அட்டவணை தொங்கும். எனக்குச் சனிக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து. பத்து மணி தாண்டி என் துணி இயந்திரத்துக்குள் கிடந்தால், மேல்வீட்டு அம்மாள் ஒரு துண்டுச் சீட்டில் "அன்புள்ள அண்டை வீட்டாருக்கு" என்று தொடங்கி மிகுந்த மரியாதையோடு திட்டி எழுதி ஒட்டிவிட்டுப் போவார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இன்னும் அந்தச் சீட்டுக்குப் பயந்துகொண்டுதான் துவைக்கிறேன்.

அன்றைக்குப் பெட்டியின் அடியில் கிடந்த சைக்கிள் பனியனை எடுத்தேன். ஜனவரியில் ஊரில் போட்டது. வந்த நாளிலிருந்து அதைத் தொட மனம் வரவில்லை. முதுகுப் பக்கப் பையைத் துழாவியபோது சுண்டைக்காய் அளவில் கறுப்பாக இரண்டு பிளாஸ்டிக் மூடிகள் கைக்கு வந்தன. சைக்கிள் டயரில் காற்று அடிக்கும் இடத்தை மூடுகிற வால்வு மூடிகள். என் சைக்கிளுடையவை அல்ல.

அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு துவைக்கும் இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி அடித்தது தெரியவில்லை. சீட்டு வந்துவிட்டது.

2

நாங்கள் நால்வர். கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். ரங்கராஜுக்குச் சூலூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. வீட்டில் தெலுங்கு பேசுவான், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ் வைத்திருக்கிறான். ஷாஜகானுக்கு எலக்ட்ரிக்கல் கடை. முட்டி தேய்ந்துபோனதால், ஜனவரியில் நாங்கள் போன சைக்கிள் பயணத்தில் அவன் மிதிக்கவில்லை, தண்ணீரும் பஞ்சர் சாமானும் ஏற்றிக்கொண்டு காரில் எங்கள் பின்னால் வந்தான். நான் மணி. இன்னொருவன் பழனிசாமி, கோவையின் கணபதிப் பகுதியில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பவன், என் தங்கை சாந்தியின் கணவன்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. பாலிடெக்னிக் நாட்களில் நானும் பழனியும் ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே சைக்கிள். அவன் வாயிலிருந்து என் பேர் வந்ததைவிட "டேய்" வந்ததுதான் அதிகம். பிறகு அவனுக்கு என் தங்கையைக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். "இன்னும் ரெண்டு வைடா" என்று அவன் சொல்லப்போகிறான் என்று இட்லித் தட்டோடு நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "போதுங்க மச்சான்" என்றான். என் அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். நானும், "இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றேன். அன்று போன "டா" இருபத்தாறு வருடமாகத் திரும்பி வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்த மாட்டான். மாப்பிள்ளையும் மச்சினன் பேச்சைத் தட்ட மாட்டார். அதனாலேயே தட்டுகிற மாதிரி ஒரு பேச்சையும் நாங்கள் பேசுவதில்லை. ரங்கராஜும் ஷாஜகானும் பழனியை வாய்க்கு வந்தபடி திட்டலாம். அவன் சிரித்துக்கொண்டே "போடா" என்று தள்ளிவிடுவான். நான் சொன்னால்தான் அது வீட்டுப் பேச்சு.

3

பயணத் திட்டம் பழனியுடையது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கென்று கோவையில் ஒரு சின்னப் பள்ளி இருக்கிறது. அவர்களுடைய பழைய வேன் படுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே கிடக்கும். புது வேனுக்குப் பணம் திரட்ட, காவிரி கடலில் சேரும் பூம்புகாரிலிருந்து ஆற்றை எதிர்த்துக்கொண்டே பவானி வரை வந்து, அங்கிருந்து கோவைக்கு. ஆறு நாள். வழியெல்லாம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கொடுத்ததில் ஐந்தாம் நாளே வேன் உறுதியாகிவிட்டது. வண்டி கிடைத்துவிட்டது, இனி ஊர் போய்ச் சேருவதுதான் பாக்கி என்று சந்தோஷமாகப் படுத்தோம்.

ஆறாம் நாள் காலை. பவானியில் தங்கியிருந்த கல்யாண மண்டபத்தில் ஜமக்காளங்களைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தால், பழனி படியில் உட்கார்ந்து நெஞ்சுக்குழியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்லீங்க. நேத்துப் புரோட்டா சேரல. நெஞ்சு கரிக்குது."

பெருந்துறையில் ஒரு சோடா குடித்தான். ஏப்பம் வந்ததும், "பாத்தீங்களா, கேசு" என்றான். விஜயமங்கலத்தில் இன்னொரு சோடா. தை மாதக் காலை, வெயில் இன்னும் ஏறவில்லை, எனக்குக் காதெல்லாம் குளிர்ந்தது. அவன் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் அவனுக்குப் பின்னால்தான் மிதித்துக்கொண்டு வந்தேன். இடது கையை அடிக்கடி கைப்பிடியிலிருந்து எடுத்து உதறிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் சைக்கிள் கொஞ்சம் வலப்பக்கமாக லாரிகளை நோக்கிச் சாய்ந்து பிறகு நேரானது.

எங்கள் ஆலையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முதலுதவிப் பயிற்சி கட்டாயம். வேர்வை, கை வலி, நெஞ்சுக் கரிப்பு என்று சுவரில் படம் ஒட்டிச் சொல்லித் தருவார்கள். பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகியவன் நான். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. விஜயமங்கலத்திலேயே தெரிந்துவிட்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

ரங்கராஜ் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "மணி, எனக்குச் சரியாப் படல. நான் சொன்னாச் சிரிக்கறான். நீ சொல்லு."

"நானெப்படிடா சொல்றது?"

"உன்ற மாப்பிள்ளை. நீதான் சொல்லோணும்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேளுங்கள். "ஏனுங்க மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் உக்காந்துபோட்டுப் போலாங்களா? எனக்குக் கால் வலிக்குதுங்க" என்றேன்.

"உக்காந்தா உங்க காலு இன்னும் புடிச்சுக்குமுங்க மச்சான். மெதுவா மிதிங்க, சரியாப் போயிரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவன் ஏறி மிதித்தான்.

4

என்னால் ஏன் நேராகச் சொல்ல முடியவில்லை என்பதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா தவறியபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. இங்கே தங்குவதற்கான அட்டையும் அதே வாரத்தில் காலாவதி. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வெளியே போனால் திரும்பி வர முடியாது. வெளியே போவதற்கும் பாஸ்போர்ட் கையில் இல்லை. சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவர். என் முகத்தைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். சந்திப்புத் தேதி ஆறு வாரம் கழித்துத்தான் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

அப்பாவுக்கும் பங்காளிகளுக்கும் வாய்க்கால் தகராறில் பல வருடமாகப் பேச்சு இல்லை. இருந்தும், மகன் வரவில்லையென்றால் பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைக்கணும், மாப்பிள்ளை வேறு கூட்டம், வேறு குலம், அவர் எப்படி வைக்கலாம் என்று சத்தம் போட்டார்கள். பழனி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "மாமங்கூடப் பன்னெண்டு வருசமாப் பேசாதவங்க இப்ப மட்டும் எதுக்குங்க? மணி வர முடியல. அவனுக்குப் பதிலா நான் செய்யறேன்" என்றானாம். சாந்தி பிறகு சொன்னாள். நான் இங்கே சமையலறையில் நின்றுகொண்டு செல்போனில் அவன் கொள்ளிக்குடத்தோடு சுற்றி வருவதைப் பார்த்தேன். படம் இரண்டு முறை நின்று நின்று வந்தது.

அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. நானும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவனைப் பார்த்து நில், இறங்கு, உன்னால் முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

5

அவிநாசிக்கு வரும்போது மணி பத்தரை. கோயில் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றோம். கோவைக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். பள்ளியில் பிள்ளைகள் கலர்த் தாளில் ரிப்பன் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாந்தியும் ஆரத்தித் தட்டோடு அங்கேதான் இருந்தாள். "ஒரு மணிக்குள்ள போயிரோணும். புள்ளைங்க சாப்புடாம உக்காந்திருக்கும்" என்று பழனி நாலு முறை சொல்லிவிட்டான்.

அப்போது நிலா கூப்பிட்டாள். என் மகள். வயது பத்தொன்பது. பள்ளியை முடித்துவிட்டு, இங்கே பலரும் செய்வதுபோல ஒரு வருடம் சேவைக்குப் போகிறாள். ஆம்புலன்சில் வேலை. ஜெர்மனியில் அப்போது காலை ஆறு மணி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தமிழ் எனக்கு ஒரு மனக்குறை. எல்லோரையும் "நீ" என்பாள். போன முறை ஊருக்குப் போனபோது, சாந்தி மூன்றாவது தோசையைப் போட வர, தட்டின் மேல் கையை வைத்து, "வேண்டாம். பசி இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். சாந்தி ஒரு நாள் முழுக்க முகம் வாடியிருந்தாள். பிள்ளையை இப்படி வளர்த்துவிட்டோமே என்று நானும் என் மனைவியும் ராத்திரி பேசிக்கொண்டோம். எனக்கே "முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொள்ள இந்த நாட்டில் ஐந்து வருடம் பிடித்தது. வந்த புதிதில் மேலாளர், வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டால், முடியாது என்று தெரிந்தும் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று "ஆகட்டும்" என்பேன். வெள்ளிக்கிழமைகளில் வாங்கிக் கட்டிக்கொள்வேன். இப்போது ஆலையில் நன்றாகவே சொல்கிறேன். கோவை விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த "முடியாது" எங்கேயோ போய்விடுகிறது.

போனில் எல்லோரையும் காட்டினேன். பழனி கையை ஆட்டினான். "நல்லா இருக்கியா கண்ணு?"

நிலா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். பழனி கை கழுவப் போனதும், "அப்பா, மாமா ஏன் கையைப் பிடிக்கிறார்? ஏன் அவருக்கு இவ்வளவு வேர்வை?" என்றாள்.

"கேஸ் என்கிறார்."

"யார் சொன்னது? டாக்டரா?"

நான் குழாயடிப் பக்கம் பார்த்தேன்.

"அப்பா. அது ஹார்ட். அவர் சைக்கிள் ஓட்டக் கூடாது. நடக்கவும் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரி. நீ சொல்லு."

"சொன்னேன் கண்ணு. கேட்க மாட்டேங்கறார்."

"என்ன சொன்னாய்?"

எனக்குக் கால் வலிக்கிறது என்று சொன்னேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? போனை வைத்துவிட்டேன்.

மூன்று சைக்கிளும் டீக்கடைச் சுவரில் சாய்ந்து நின்றன. பழனி குழாயடியில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தான். வாயைத் திறந்து மறுபடி ஒரு "ஏனுங்க மாப்பிள்ளை" சொல்லப் போனேன். சொன்னால் அவன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஏறி மிதிப்பான் என்று தெரிந்துவிட்டது. குனிந்தேன். அவன் சைக்கிளின் முன்சக்கர வால்வு மூடியைத் திருகி எடுத்தேன். நகத்தால் உள்ளே இருந்த ஊசியை அமுக்கினேன். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. பின்சக்கரத்தையும் அப்படியே செய்தேன். மூடிகளை எங்கே போட்டேன் என்றுகூட அப்போது தெரியாது.

நிமிர்ந்தால் ஷாஜகான் காரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றடிக்கும் பம்பை எடுத்துத் தன் காலடியில் தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடினான்.

6

பழனி வந்தான். முன்சக்கரத்தைப் பார்த்தான். பின்சக்கரத்தைப் பார்த்தான்.

"ஷாஜி, பம்பைக் குடு."

"பவானியிலயே உட்டுட்டு வந்துட்டேன்டா" என்றான் ஷாஜகான், பழனியின் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பஞ்சராகாது என்பது பழனிக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் அவன் என்னை விட்டுவிட்டுச் சினிமாவுக்குக் கிளம்பிய ஒரு மத்தியானம் நான் இதே வேலையைச் செய்திருக்கிறேன். அன்றைக்கு விடுதியைச் சுற்றித் துரத்தித் துரத்தி அடித்தான். இன்றைக்கு அவன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பில்லை.

"நீங்களா மச்சான்?"

"ஆமாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வரோணும்."

"ஆறு நாளு மிதிச்சு வந்துட்டு, ஊரு வாசல்ல வந்து என்னய நிறுத்தறீங்களா?" குரல் உயர்ந்தது. டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். "வருசத்துக்கு ஒருக்கா விருந்தாளியாட்ட வந்துட்டுப் போறவரு நீங்க. இங்க என்ன நடக்கோணும்னு நீங்க சொல்றீங்களா? உங்கப்பனுக்குக் கொள்ளி வெக்கறதுக்கு வந்தீங்களா? நான்தானுங்க வெச்சேன். உங்க பங்காளிக இன்னைக்கு வரைக்கும் என்ற ஊட்டு வாசப்படி மிதிக்கறதில்ல. நான் ஏதாச்சும் கேட்டனா?"

ஒன்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்த பேச்சு. பட்டப்பகலில், டீ ஆற்றுகிற சத்தத்துக்கு நடுவே வந்துவிட்டது. அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.

அவன் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தான். கோவையைப் பார்த்து. டயர் தரையில் தப் தப்பென்று அடித்தது. பத்தடி போனான். தோள் ஒரு பக்கமாக இறங்கியது.

"டேய் பழனி!" என்று கத்தினேன். "நில்லுடா! உசுரோட போய்ச் சேரோணுமா வேண்டாமா? என்ற தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்றது? அப்பன் சாவுக்கும் வரல, உன்ற புருசன் சாகறப்ப மட்டும் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தேன்னு சொல்றதா?"

அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். கோபம் முகத்தில் அப்படியே இருக்க, சைக்கிளை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"மணி, மூச்சு முட்டுதுடா" என்றான்.

காரின் பின்சீட்டில் அவன் தலை என் தோளில் கிடந்தது. ஷாஜகான் வாழ்க்கையில் அப்படிக் கார் ஓட்டியதில்லை. கருமத்தம்பட்டி தாண்டும்போது பழனியின் கையைப் பிடித்திருந்த என் கையில் அவனுடைய பிடி தளர்ந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் "ம்" என்றான். அந்த "ம்" எப்போது நின்றுபோகுமோ என்று பயந்தபடியே அடுத்த முறை கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முக்கியமான ரத்தக் குழாயில் அடைப்பு, உடனே திறக்க வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். இந்த இருபத்து நான்கு வருடத்தில் ஜெர்மன் மொழியில் நான் நிரப்பாத படிவம் இல்லை. இது தமிழில்தான் இருந்தது. "நோயாளிக்கு என்ன உறவு" என்ற கட்டத்தில் என் கை தானாக "நண்பன்" என்று எழுதிவிட்டது.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "ஃபிரண்ட்னா ஆகாதுங்க சார். சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா?"

"நான் சொந்தந்தானுங்க அம்மணி" என்று அதை அடித்துவிட்டு "மச்சினன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் சாந்திக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளை நான் மறக்கப்போவதில்லை.

7

பழனி பிழைத்துக்கொண்டான். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து முகம் சுளித்தான். எனக்கு அன்று மாலை விமானம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். சாந்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னபோது, கேட்டுவிட்டு, "காற்றை இறக்கினாயா? வாயால் சொல்ல முடியாதா?" என்றாள். முடியாதுதான். அதை அவளுக்கு விளக்கவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் "பசி இல்லை" என்று தட்டை மூடினால் எனக்கு வருத்தம் வருவதில்லை.

மூடிகள் கிடைத்த சனிக்கிழமை மத்தியானமே பழனிக்குப் போன் செய்தேன். ரங்கராஜ் அன்றைக்குத் தனியாக மிதித்துப்போய்ப் பள்ளியில் ரிப்பனை வெட்டாமல் நின்ற கதையைப் பழனி சொன்னான். மற்றவர்கள் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்களாம். ரங்கராஜ், பின்னாடி வந்துட்டிருக்காங்க என்று சொல்லிவிட்டானாம்.

"அதுக இன்னும் அந்த ரிப்பனை எடுத்து வெச்சிருக்குது. போன வாரம் வேன்ல வந்து என்னப் பாத்துட்டுப் போச்சுக. எப்பங்க வருவீங்கன்னு கேக்குதுக."

"டாக்டர் சைக்கிள் ஓட்டலாம்னுட்டாரா?"

"ஆறு மாசம் போகட்டும்னாரு. அவிநாசியில இருந்து நாப்பதுதானே. மெல்ல மெல்ல மிதிச்சாப் போயிரலாம்."

உங்க சைக்கிள் மூடி ரெண்டும் என்னிடம் இருக்குதுங்க மாப்பிள்ளை, கொரியர்ல அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"கொரியர்ல எதுக்குடா?" என்றான் பழனி. "நீதானே கழட்டுன. நீயே வந்து மாட்டு."

மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட் அங்கேதான் இருந்தது. முடியும் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, இரண்டு மூடிகளையும் அதன் மேல் வைத்து மூடினேன்.